நூலகரின் டிசம்பர்: பொருநைக் கரையில் ஐந்து நாட்காட்டிகள்

1

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டைத் தெருக்களில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். ராத்திரியில் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள் வந்து கதவைத் தட்டுவார்கள். மாதம் பாதி கழிந்ததும் விடியக்காலம் கோயில் ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு. இரண்டுக்கும் நடுவில் மழை. மாணவர்கள் பரீட்சை முடிந்து ஊருக்குப் போயிருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நூலகம் தூங்குகிற மாதம் இது. உள்ளே இருப்பவர்களுக்கோ இதுதான் தலைபோகிற மாதம்.

தொண்ணூறுகளின் நடுவில் இந்தப் பக்கத்து நூலகம் ஒன்றில் நான் தற்காலிகமாகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். அங்கே மூத்த உதவியாளராக இருந்த அண்ணாச்சி டிசம்பர் முதல் வாரம் தொடங்கியதும் வேறு ஆளாக மாறிவிடுவார். மேஜை நிறைய புரோஃபார்மா இன்வாய்ஸ்கள். பக்கத்தில் கார்டெக்ஸ் பெட்டி. வராத இதழ்களுக்குச் சிவப்பு மையில் புள்ளி. 'தம்பி, வெள்ளக்காரன் கேக் வெட்டப் போறதுக்கு முந்தி நம்ம டிராஃப்ட் அங்க போய்ச் சேந்துரணும் பாத்துக்கிடும். இல்லைன்னா ஜனவரி இதழ் வராது. பொறவு கேட்டா ஸ்டாக் இல்லம்பான்' என்பார்.

அதே டிசம்பரில், அதே அறையில், இன்னொன்றும் நடந்தது. புதிய இதழ்களுக்கு இடம் வேண்டும் என்று மூலையில் கட்டிக் கிடந்த தமிழ்ச் சிற்றிதழ்கள், சபை நூற்றாண்டு மலர்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள் எல்லாம் இரண்டு சாக்கில் எடைக்குப் போயின. 'இதுக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்கலையா அண்ணாச்சி?' என்று கேட்டேன். 'எதுக்குக் கேக்கணும்? இதெல்லாம் அக்சஷன்ல ஏறலையே. நம்பர் இருந்தாத்தானே கழிக்கதுக்கு ஃபைல் போடணும்' என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. விதி அப்படி. பதிவேட்டில் எண் பெறாத பொருள் நிர்வாகத்தின் கண்ணில் இல்லாத பொருள். இல்லாத பொருள் தொலைந்துபோவதும் இல்லை.

கடல் தாண்டிப் போகிற டிராஃப்ட்டையும் எடைக்குப் போன சாக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நூலக வரலாறு என்றால் கட்டடம், கொடையாளி, நூல்களின் தொகை என்று எழுதிக்கொண்டு போவதே நமக்குப் பழக்கம். நூலகத்தை ஓட்டுகிற காலம் யாருடைய காலம் என்று நாம் கேட்பதில்லை.

2

ஒரு பல்கலைக்கழக நூலகர் ஒரே நேரத்தில் பல நாட்காட்டிகளுக்குள் வாழ்கிறார். அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. மார்ச்சுக்குள் செலவழிக்காத பணம் கையை விட்டுப் போய்விடும் என்கிற பயம் டிசம்பரிலேயே பிடித்துக்கொள்ளும். கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. ஆராய்ச்சி இதழ்களின் ஆண்டோ ஜனவரி முதல் டிசம்பர் வரை. இதழ்கள் தொகுதிக் கணக்கில், பெரும்பாலும் முன்பணத்துக்கு விற்கப்படுபவை. இங்கே பணம் ஒதுக்குகிறவருக்கு வருஷத்தின் நடுப்பகுதியாக இருப்பது, அங்கே விற்கிறவருக்கு வருஷக் கடைசி. நூலகர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். கிறிஸ்மஸ் விடுமுறை என்பது இங்கே பண்டிகைச் செய்தி மட்டுமல்ல. லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அலுவலகக் கதவுகள் சாத்தப்படுகிற தேதி. அபிஷேகபட்டியிலும் அண்ணாமலை நகரிலும் கோப்புகள் ஓடவேண்டிய வேகத்தை அந்தத் தேதி தீர்மானித்தது.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990 செப்டம்பரில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது. நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம். அது பிறந்து ஒரு வருஷம் முடிவதற்குள், 1991 ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பு அடுத்தடுத்து இரண்டு தடவை குறைக்கப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடி, உலக வங்கி, தாராளமயம் என்று நாமெல்லாம் கூட்டம் போட்டுப் பேசிய விஷயம் நூலகருக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்தது. அதே இதழ், அதே டாலர் விலை, ரூபாயில் மட்டும் கூடுதல். அந்த வருஷ டிசம்பரில் நாடு முழுவதும் பல்கலைக்கழக நூலகர்களின் மேஜைமீது ஒரு கேள்விதான் கிடந்திருக்கும்: எதை வெட்டுவது?

வெட்டுவது என்று வரும்போது எது வெட்டுப்படும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. துறைத்தலைவர்கள் கேட்கிற இதழ் நிற்கும். யாரும் கேட்காதது போகும். தமிழ்ச் சிற்றிதழைக் கேட்பவர் யார்? அதற்கு இன்வாய்ஸ் கிடையாது. சந்தா தீர்ந்துவிட்டது என்று நினைவூட்டும் அஞ்சலட்டை வருவதற்குள் இதழே நின்றுபோயிருக்கும். ஒழுங்காக வெளிவருகிற பொருளை வாங்குவதற்காகவே அமைந்த இயந்திரத்தில், ஒழுங்கற்று வருவது நுழைய முடியாது. ஒழுங்கு என்பது இங்கே குணம் அல்ல, மூலதனம்.

பிறகு இதழ்கள் காகிதத்தை விட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃபிளிப்நெட் 1991-ல் தொடங்கியது. 2004-ல் யுஜிசி-இன்ஃபோநெட் கூட்டமைப்பு வழியாக மின்னிதழ்கள் வரலாயின. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே தேசம் ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 வெளியீட்டாளர்கள், சுமார் 13,000 இதழ்கள். முதல் கட்டம் அரசு நடத்தும் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. தொடக்கம் 2025 ஜனவரி 1. அதாவது டிராஃப்ட் எடுக்கிற வேலை தில்லிக்குப் போய்விட்டது; நாட்காட்டி மட்டும் மாறவில்லை. இத்திட்டத்தால் ஏழை மாநிலத்து ஆய்வு மாணவருக்கு இதுவரை எட்டாத கட்டுரைகள் கிடைக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தேசம் தன் மொழிகளில் வெளிவரும் சிற்றிதழுக்கு இப்படி ஒரு சந்தாக் கட்டியிருக்கிறதா என்று கேட்பதும் நம் வேலைதான்.

3

பல்கலைக்கழக நூலகர் என்கிற ஆளுமை தமிழ்நாட்டில் உருவான விதத்தைப் பார்க்காமல் மேலே போக முடியாது. சீர்காழியில் 1892-ல் பிறந்த சீ. இரா. ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டார். முதலில் வேலை பிடிக்கவில்லை; பழைய இடத்துக்கே போய்விடுகிறேன் என்று நின்றவர். அவ்வருஷமே பயிற்சிக்காக இங்கிலாந்து போனார். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ பொம்மைத் துண்டுகளைப் பொருத்தி வேறு வேறு உருவங்கள் செய்துகாட்டுவதைப் பார்த்தபோதுதான் கோலன் பகுப்பு முறைக்கான யோசனை தனக்குத் தட்டுப்பட்டது என்று பின்னாளில் சொன்னார். துண்டுகளும் திருகாணிகளும் சேர்ந்து ஒரு வண்டி ஆவதுபோல, பொருளும் இடமும் காலமும் எண்களாகச் சேர்ந்து ஒரு நூலுக்கு முகவரி ஆகும்.

அவருடைய நூலக விதிகள் ஐந்து. 1928-ன் பிற்பகுதியில் அவை உருப்பெற்றன. முதல் விதிக்கான சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய கணித ஆசான், கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்டு ராஸ். அந்த விதிகளை ரங்கநாதன் முதன்முதலில் பொதுவில் வைத்தது 1928 டிசம்பரில், அண்ணாமலை நகர் மீனாட்சி கல்லூரியில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில். நூலாக அவை 1931-ல் வந்தன. கோலன் பகுப்பு 1933-ல். அதே 1931-ல் மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குக் கிளம்பியது. பூட்டி வைத்திருந்த நூலை வாசகர் கையால் எடுக்கலாம் என்றாக்கிய திறந்த அலமாரி முறை, கோயிலுக்குள்கூட எல்லாரையும் விடாத ஒரு சமூகத்தில், சாதாரண நிர்வாகச் சீர்திருத்தம் அல்ல. இதை ரங்கநாதனுடைய வைதிகச் சார்பைச் சொல்லித் தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம்.

ஆனாலும் ஒரு கேள்வி. வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது நாலாவது விதியின் சாரம். நூலகத்தில் வேலை பார்க்கிறவர் நேரம்? ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் விடுமுறையே எடுக்காமல் உழைத்தார், தன் கல்யாணத்தன்றும் நூலகத்துக்கு வந்தார் என்று வியந்து சொல்வார்கள். நூலகரின் உழைப்பு இப்படித் தவமாக ஆக்கப்படும்போது, அலமாரி தூக்குகிறவர், பசை காய்ச்சி பைண்டிங் போடுகிறவர், தினக்கூலிக்குத் தூசி தட்டுகிற பெண்கள் ஆகியோரின் உழைப்பு கணக்கிலேயே வராமல் போகிறது. அவர்கள் விடுப்பு எடுக்காதது தவம் அல்ல. எடுத்தால் கூலி கிடையாது. கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த வாரம் சம்பளம் உண்டு என்று எந்த நூலக அறிக்கையும் சொல்வதில்லை. மைதாப் பசையில் மயில்துத்தம் எவ்வளவு கலந்தால் பூச்சி வராது, அடைமழை நாளில் போட்ட பைண்டிங் ஏன் காயாமல் பூஞ்சணம் பூக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கையிலிருந்த அறிவு. நூலக அறிவியல் பாடத்தில் அதற்கு மதிப்பெண் குறைவு.

4

வாசகர் குறைந்த டிசம்பரில் செய்கிற இன்னொரு வேலை, குவிந்து கிடக்கிற நூல்களுக்கு எண் போடுவது. பெரும்பாலான நூலகங்களில் இது ரங்கநாதனுடைய கோலன் அல்ல. அமெரிக்கர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு. தமிழ் இலக்கிய நூல் எதை எடுத்தாலும் முதுகில் 894.811 என்று இருக்கும். 494.8 என்றால் திராவிட மொழிகள்.

இந்த எண்ணுக்குள் நம் ஊர் ஒளிந்திருக்கிறது. தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்பதை எல்லிஸ் 1816-லேயே சொல்லியிருந்தாலும், 'திராவிடம்' என்கிற பெயரை உலக அறிவுத்துறையில் நிலைநிறுத்தியது 1856-ல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம். அவர் வாழ்ந்தது இடையன்குடித் தேரிக்காட்டில். பனைமரமும் செம்மணலும் கிணறும் சர்ச்சுமாகக் கிடந்த ஓர் ஊரிலிருந்து புறப்பட்ட ஒரு கருத்தாக்கம், அமெரிக்கப் பகுப்பு அட்டவணைக்குள் எண்ணாக உட்கார்ந்து, அபிஷேகபட்டிக்குத் திரும்பி வருகிறது. நாம் அதை வெளிநாட்டு எண் என்று நினைத்து ஒட்டுகிறோம்.

ஆனால் அதே அட்டவணையில் மதங்களுக்கான 200 வரிசையைப் பாருங்கள். நெடுங்காலம் 220 முதல் 280-கள் வரை பைபிளுக்கும் கிறிஸ்தவத்துக்கும். உலகத்தின் மற்ற எல்லா மதங்களுக்கும் சேர்த்து 290 என்கிற ஒற்றைத் திண்ணை. இந்து மதம் 294.5. சரி, சுடலைமாடன் கதைப்பாடலை எங்கே வைப்பது? 398-ல் வைத்தால் அது 'நாட்டார் வழக்காறு', அதாவது கதை; நம்பிக்கை அல்ல. 294.5-ல் வைத்தால் சுடலை இந்து ஆகிவிடுகிறான். 894.811-ல் வைத்தால் இலக்கியம். மூன்றிலும் கொடை கொடுக்கிற சனங்களின் சொந்தப் பெயர் இல்லை. நாட்டார் தெய்வங்கள் இந்து மதமா இல்லையா என்று பக்கம் பக்கமாக நாம் நடத்திய விவாதத்தை ஒரு நூலகர் அரை நிமிஷத்தில், பென்சிலால், தனியாக முடித்துவைத்துவிடுகிறார். அதிகாரம் எப்போதும் சட்டையில் ஸ்டார் குத்திக்கொண்டு வருவதில்லை.

இன்னொரு உதாரணம் இன்னும் சிக்கலானது. நாசரேத் மிஷனில் உருவாகி, மிஷனரியோடு மோதி வெளியேறியவர் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம். நாடார் சமூகத்தைப் பற்றிக் கால்டுவெல் 1849-ல் வெளியிட்ட சிறுநூலை எதிர்த்து எழுந்த குரல்களில் முன்நின்றவர். 1857-ல் மூக்குப்பேரியில், இன்றைய பிரகாசபுரத்தில், மிஷனரிகளின் தலைமை இல்லாத இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். அந்தச் சபை ஓய்வுநாளாக ஞாயிறை ஏற்கவில்லை, சனிக்கிழமையை ஏற்றது. ஐரோப்பியர் கொண்டுவந்தது விவிலியம் அல்ல, ஐரோப்பிய வழக்கம். மூலத்துக்குப் போனால் எபிரேய வழிபாடு நம் வழக்கத்துக்குத்தான் நெருக்கம் என்பது அவருடைய வாதத்தின் போக்கு. நமக்கு இதில் முக்கியமான விஷயம், காலனிய அதிகாரத்தோடு அவர் நடத்திய சண்டையில் நாட்காட்டியும் ஒரு களமாக இருந்தது என்பது. வாரத்தின் எந்த நாள் யாருடையது? மிஷன் நிதியும் மிஷன் அச்சகமும் எதிர்த்தரப்பில் இருந்தபோது பனங்காட்டுச் சனங்கள் இதைக் கேட்டார்கள். மிஷனின் எழுத்து லண்டன் வரை பத்திரமாகச் சேர்ந்தது. சட்டாம்பிள்ளை தரப்பு எழுத்தைத் தேடுகிற ஆய்வாளர் அதிகமும் மிஷன் ஆவணங்களுக்குள் எதிராளியின் குரலினூடேதான் தேடவேண்டியிருக்கிறது. ஆவணக்காப்பகம் என்பது வென்றவர் வீட்டு அலமாரி என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

5

பொருநைக் கரையில் நூலகம் மிஷனோடு வந்தது என்று நினைத்துக்கொள்வதும் தப்பு. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி நெல்லைக்கு வந்தபோது அவர் பார்த்தவை கவிராயர் வீடுகள். திருநெல்வேலியில் திருப்பாற்கடனாதன் கவிராயர் வீட்டிலும், ஆழ்வார்திருநகரியில் லட்சுமண கவிராயர் போன்றோர் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாகக் காத்த சுவடிகள் இருந்தன. 1889-ல் வந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்கு இந்தத் தேடல் உதவியது. அதே பயணங்களில் அவர் கேட்ட இன்னொரு செய்தி, கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுண பாண்டியன் காலத்தவை என்று சொல்லப்பட்ட ஏடுகள் சாஸ்திரப்படி நெருப்புக்குக் கொடுக்கப்பட்டன என்பது. எடைக்குப் போட்ட அண்ணாச்சிக்கு விதி இருந்ததுபோல எரித்தவர்களுக்கும் விதி இருந்தது. இந்த மண்ணில் நூல்கள் அழிந்தது விதி இல்லாததால் அல்ல.

காத்த கைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கவிராயர் வீட்டு ஏடு யார் கைக்கு எட்டியது? படிக்கத் தெரிந்த சாதிகளின் வீட்டுக்குள் அது இருந்தது. அது திறந்த அலமாரி இல்லை. எனவே மிஷன் நூலகம் அந்நியம், சுவடி வீடு சுயம் என்கிற சுலபமான எதிர்வு நமக்கு உதவாது. மிஷன் பள்ளியில்தான் பனையேறியின் பிள்ளை புத்தகத்தைத் தொட்டான்.

இருபதாம் நூற்றாண்டில் நடந்தது இன்னொன்று. வையாபுரிப் பிள்ளையின் சேகரம் இன்று கல்கத்தா தேசிய நூலகத்தில் இருக்கிறது. நெல்லையிலிருந்து 1954 முதல் 1956 வரை 'சாந்தி' நடத்திய தொ. மு. சி. ரகுநாதன் தன் நூல்களை எட்டயபுரத்தில் பாரதி பெயரிலான ஆய்வு மையத்துக்குக் கொடுத்தார். அவர் மறைந்ததும் ஒரு டிசம்பர் கடைசியில்தான், 2001-ல். நாங்குநேரியில் பிறந்து பாளையங்கோட்டையில் டுடோரியல் கல்லூரி நடத்திய நா. வானமாமலை 1967-ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 'ஆராய்ச்சி' இதழ் 1969-ல் வந்தது. கதைப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பித்த அந்த வேலைக்குப் பல்கலைக்கழகம் ஆதரவாக இருக்கவில்லை. சொல்லப்போனால் இங்கே அப்போது பல்கலைக்கழகமே கிடையாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அமைப்பியலையும் பின்நவீனத்துவத்தையும் தமிழில் பேசிய 'மேலும்' பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. இந்தப் பள்ளத்தாக்கின் சிந்தனை வரலாறு பெரும்பகுதி இப்படி ஒழுங்கற்று வந்த தாள்களில் இருக்கிறது. அதாவது, எடைக்குப் போகும் வாய்ப்புள்ள தாள்களில்.

6

கடைசியாக மழை. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் பிசானம். டிசம்பரில் வயலுக்கு வேண்டிய தண்ணீர் நூலகத்துக்கு எதிரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை தாண்டியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருந்தது. நட்சத்திரம் கட்டிய வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். உயிர், வீடு, ஆடுமாடு, நெல் என்று கணக்கெடுத்தார்கள், எடுக்கவும் வேண்டும். வீட்டோடு நனைந்த டிரங்குப் பெட்டிகளில் இருந்த ஞானஸ்நானச் சீட்டு, பட்டா, தாத்தா எழுதிய நோட்டு, ஊர்க் கொடை வரவுசெலவு, சங்க மலர் ஆகியவற்றுக்கு எந்த நிவாரணப் படிவத்திலும் கட்டம் கிடையாது. எண் பெறாத பொருள்தானே.

இங்கேதான் ஐந்தாவது நாட்காட்டி வருகிறது. நிதியாண்டு, கல்வியாண்டு, சந்தா ஆண்டு, பயிரும் பண்டிகையும் சேர்ந்த ஆண்டு என்று நான்கு. நம்மில் பலர் இவற்றுக்கு வெளியே இன்னொன்றையும் வைத்திருக்கிறோம். அதில் டிசம்பர் 6 அம்பேத்கர் மறைந்த நாள் (1956), பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாள் (1992). 24 பெரியார் மறைந்த நாள் (1973). 25 கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட நாள் (1968). ஊரெல்லாம் மணி அடித்த அந்த ராத்திரியின் ஆவணங்கள் எவை? காவல்துறைக் கோப்பும் நீதிமன்றத் தீர்ப்பும் எண் பெற்றவை. செத்தவர்கள் பக்கத்துச் சொல் துண்டறிக்கைகளிலும் சிற்றிதழ்களிலும் பாட்டுகளிலும் இருக்கிறது. அவற்றை ஒரு நூலகர் பதிவேட்டில் ஏற்றாவிட்டால், நூறு வருஷம் கழித்து வெண்மணியைப் படிக்கிறவனுக்குத் தீர்ப்பு மட்டும்தான் மிஞ்சும்.

எனவே சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். நூலகர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் செய்யக்கூடியதும் நாம் செய்யக்கூடியதும் இருக்கின்றன. ஒன்று, டிசம்பரில் இதழ் சந்தாவுக்கு உட்காருகிற அதே வாரத்தில், வட்டாரத்தில் அவ்வாண்டு வெளிவந்த சிற்றிதழ், மலர், துண்டுப் பிரசுரங்களுக்கு ஒரு பட்டியல் போடுவது; ஒரு பக்கமானாலும் போதும். இரண்டு, அன்பளிப்பாக வருகிற ஒற்றை இதழுக்கும் சேர்க்கை எண் கொடுப்பது. எண் விழுந்துவிட்டால் அதைத் தூக்கிப்போட ஒருவர் கையெழுத்திட வேண்டியிருக்கும். அந்தத் தயக்கமே பாதி பாதுகாப்பு. மூன்று, சுடலைக்கும் சட்டாம்பிள்ளைக்கும் ஒரே எண்ணோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று தலைப்புகளில் குறிப்பு அட்டை எழுதுவது. கணினிப் பட்டியலில் இதற்குச் செலவே இல்லை. நான்கு, இந்த ஆற்றங்கரையில் எந்தச் சேகரத்தையும் கீழ்த்தளத்தில், அடித்தட்டில் வைக்காமல் இருப்பது. ஐந்து, நம் பங்கு. இதழ் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு இதழிலும் இரண்டு பிரதியைக் கட்டி, பக்கத்து நூலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, எண் விழுந்ததா என்று ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பது.

அண்ணாச்சி ஓய்வுபெற்றபின் ஒரு தடவை சந்தையில் பார்த்தேன். பேச்சு எங்கெங்கோ போய் அந்தச் சாக்குக்கு வந்தது. 'கிலோ மூணு ரூவாயோ என்னவோ போட்டான். அதுல என்ன இருந்துச்சுன்னு ஒரு லிஸ்டாவது எழுதி வச்சிருக்கலாம்வே' என்றார்.